கட்டுமானப் பொறியியலில் கணினிவழி வடிவமைப்புக் கருவிகள்: தேர்வு, பயன்பாடு, சரிபார்ப்பு

ஒரு கட்டடம் தரையில் எழுவதற்கு முன் மூன்று வடிவங்களில் தாளில் எழுந்துவிடுகிறது. எது எங்கே, எந்த அளவில் அமைய வேண்டும் என்பதைச் சொல்லும் வரைபடம் முதலாவது. அவ்வாறு அமைந்தது தன் எடையையும் தன்மேல் வரும் சுமைகளையும் தாங்கி நிற்குமா என்பதைச் சொல்லும் கட்டமைப்புக் கணக்கு இரண்டாவது. அதைக் கட்டி முடிக்கச் செங்கல், சிமெண்ட், கம்பி, மரம் ஆகியவை எவ்வளவு தேவை என்பதைச் சொல்லும் அளவுப்பட்டியல் மூன்றாவது. வரைபலகைக் காலத்தில் இம்மூன்றும் தனித்தனித் தாள்களில், பெரும்பாலும் தனித்தனி ஆட்களின் கையில் உருவாயின. ஒன்றில் நேர்ந்த மாற்றம் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேராதபோது பணியிடத்தில் இடித்துக் கட்டும் நிலை ஏற்பட்டது. கணினிவழி வடிவமைப்புக் கருவிகள் இம்மூன்றையும் ஒரே தரவின்மேல் நிறுத்தும் வாய்ப்பை அளிக்கின்றன. அந்த வாய்ப்பு பயனாக மாறுவது, பணிக்கேற்ற கருவியைத் தெரிந்தெடுப்பதையும், கருவி தரும் விடையைக் கைக்கணக்கால் சோதித்துப் பார்ப்பதையும் பொறுத்தது. பட்டய, பட்டப் படிப்பு மாணவர்களுக்கும் சிறு பொறியியல் அலுவலகங்களுக்கும் உதவும் வகையில் இவ்விரண்டுக்குமான வழிமுறைகள் இந்த அத்தியாயத்தில் வரிசையாக விளக்கப்படுகின்றன.

5.1 வரைபலகையிலிருந்து திரைக்கு

திரையில் வரைந்து, வரைந்ததைத் திரையிலேயே திருத்தும் முறை, 1963-ஆம் ஆண்டு ஐவன் சதர்லாந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில் தெளிவான உருப்பெற்றது. ஒளிப்பேனாவால் வரையப்பட்ட இரு கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக அல்லது செங்குத்தாக இருக்க வேண்டும் என்று பயனர் கட்டளையிட்டால் நிரலே அவற்றைச் சரிசெய்துகொண்டது. ஒரு முறை வரைந்த உருவைப் பல இடங்களில் பயன்படுத்திவிட்டு மூல உருவைத் திருத்தினால் எல்லாப் படிகளும் தாமாகத் திருந்தின. இன்றைய மென்பொருள்களில் பிளாக் எனப்படும் தொகுப்புருவும், அளவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வசதியும் இக்கருத்தின் தொடர்ச்சியே.

அந்த ஆய்வகக் கணினிக்கும் சாதாரண அலுவலகத்துக்கும் இடையே இருந்த தொலைவு, 1982 டிசம்பரில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மேசைக் கணினியில் இயங்கும் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்ட பின்னர் வேகமாகக் குறையத் தொடங்கியது. அதே பத்தாண்டில் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேட் மென்பொருளின் வழியே கட்டடத்தை முப்பரிமாணப் பொருளாக உருவாக்கும் வழியைத் திறந்தது. 2000-இல் வெளிவந்து 2002-இல் ஆட்டோடெஸ்க் வசமான ரெவிட் அம்முறையைப் பரவலாக்கியது. கட்டமைப்புக் கணக்கு தனி வழியில் வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சன் 1970-இல் உருவாக்கிய சாப் நிரலின் வழித்தோன்றலே இன்று வழக்கில் உள்ள சாப் 2000 ஆகும். இவ்வாறு வரைதலும் கணக்கிடுதலும் வெவ்வேறு மரபுகளில் பிறந்தமையால், இரண்டு வகை மென்பொருள்களுக்கு இடையே தரவை இழப்பின்றிக் கொண்டு செல்வது இன்றுவரை பொறியாளரின் கவனத்தைக் கோரும் வேலையாகவே இருந்துவருகிறது.

5.2 கருவிகளின் நான்கு வகைகள்

சந்தையில் உள்ள மென்பொருள்களின் பெயர்கள் பலவாயினும், அவை செய்யும் வேலையைக் கொண்டு நான்கு வகைகளில் அவற்றை அடக்கிவிடலாம்.

முதல் வகை, கோடு, வில், வட்டம், எழுத்து ஆகியவற்றைக் கொண்டு வரைபடம் தயாரிக்கும் வரைதல் மென்பொருள்கள். ஆட்டோகேட், பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், கட்டற்ற மென்பொருளான லிப்ரேகேட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, சுவர், கதவு, தூண், தளம் என்னும் பொருள்களாகவே கட்டடத்தை உருவாக்கும் தகவல் மாதிரி மென்பொருள்கள். ரெவிட், ஆர்க்கிகேட், எஃகுக் கட்டமைப்புகளிலும் கம்பி விவரங்களிலும் வலுவான டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ், கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் ஆகியவை இவ்வகையில் அடங்கும். மூன்றாம் வகை, கட்டமைப்பின்மேல் சுமைகளை ஏற்றி உள்விசைகளையும் விலகல்களையும் கணக்கிடும் பகுப்பாய்வு மென்பொருள்கள். ஸ்டேட்ப்ரோ, ஈடேப்ஸ், சாப் 2000, தளங்களுக்கும் அடித்தளங்களுக்குமான சேஃப் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நான்காம் வகை, நிலத்தின் மேற்பரப்பு, சாலை, நீர்க்குழாய், வடிகால் ஆகியவற்றை வடிவமைக்கும் மென்பொருள்கள். சிவில் 3டி, ஓப்பன்ரோட்ஸ், எபாநெட், நிலவரைபடப் பணிகளுக்கான கியூஜிஐஎஸ் ஆகியவை இதில் சேரும்.

உரிமையாளருக்கு வீட்டின் தோற்றத்தைக் காட்டுவதற்குப் பயன்படும் ஸ்கெட்ச்அப் போன்றவை இந்த நான்கு வகைகளுக்கும் துணையானவை. அவற்றில் உருவாக்கிய அழகிய உருவம் உரிமையாளரின் விருப்பத்தை அறிய உதவும். பணியிடத்தில் அளந்து கட்டுவதற்கான ஆவணமாக அதைக் கொள்ளலாகாது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பணியின் முடிவில் யார் கையில் என்ன கொடுக்கப்பட வேண்டும் என்பதாகும். அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு மனை வரைபடம், தள வரைபடம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம் ஆகியவை மட்டும் போதுமான இரண்டடுக்கு வீட்டுக்கு வரைதல் மென்பொருளும் ஒரு பகுப்பாய்வு மென்பொருளும் போதும். மின்கம்பி, குடிநீர், கழிவுநீர், குளிர்காற்றுக் குழாய்கள் ஒரே கூரையடியில் நெருங்கி ஓடும் மருத்துவமனைக்குத் தகவல் மாதிரி இன்றியமையாதது. பெரிய மென்பொருளைச் சிறிய பணிக்குச் சுமத்தினால் காலம் வீணாகிறது. சிறிய மென்பொருளைப் பெரிய பணிக்குப் பயன்படுத்தினால் முரண்பாடுகள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

5.3 இருபரிமாண வரைதல்: அலகு, அளவுகோல், அடுக்கு

தமிழ்நாட்டில் ஒரே மனைக்கு மூன்று அளவு முறைகள் ஒரே நேரத்தில் வழங்குகின்றன. பத்திரத்தில் சென்ட் அல்லது சதுர அடி இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். பொறியாளரின் கணக்கில் மீட்டரும் மில்லிமீட்டரும் இருக்கும். ஆகவே புதிய கோப்பைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அலகை நிலைநிறுத்துவதாகும். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். 30 அடிக்கு 40 அடி மனை, 9.144 மீட்டருக்கு 12.192 மீட்டராகவும், பரப்பில் 111.48 சதுர மீட்டராகவும் அமையும். இதைப் பேச்சு வழக்கில் 9 மீட்டருக்கு 12 மீட்டர் என்று சுருக்கி வரைந்தால் பரப்பில் 3 சதுர மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். பக்கவாட்டில் விட வேண்டிய திறந்த வெளியின் கணக்கும் அதனால் மாறிவிடும். கட்டடப் பணிகளுக்கு மில்லிமீட்டரையும், மனைப்பிரிவு, சாலைப் பணிகளுக்கு மீட்டரையும் அலகாகக் கொண்டு, அதை வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் எழுதி வைப்பது நன்முறையாகும்.

இரண்டாவது விதி, எதையும் அதன் உண்மையான அளவிலேயே வரைய வேண்டும் என்பது. ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில் மாடல் ஸ்பேஸ் என்னும் வரைவெளி, பொருளை முழு அளவில் வரைவதற்கானது. லேஅவுட் என்னும் தாள்வெளி, அந்தப் பொருளைத் தேவையான அளவுகோலில் தாளில் அமைத்து அச்சிடுவதற்கானது. 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள ஒரு தளம் 1:100 அளவுகோலில் தாளில் 80 மில்லிமீட்டருக்கு 100 மில்லிமீட்டராகவும், 1:50 அளவுகோலில் 160 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டராகவும் அமையும். பிந்தையது 297 மில்லிமீட்டருக்கு 420 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ3 தாளில் அளவுக் கோடுகளுடன் நன்கு பொருந்தும். வரைவெளியில் எழுத்தை இடும்போது இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் தெரிய வேண்டிய எழுத்தை 1:100 வரைபடத்தில் 250 மில்லிமீட்டர் உயரத்தில் இட வேண்டும்.

மூன்றாவது விதி அடுக்குகளைப் பற்றியது. லேயர் எனப்படும் அடுக்கு, ஒரே வகையான கோடுகளை ஒரு பெயரின் கீழ்த் தொகுத்து, அவற்றின் நிறம், தடிமன், தோற்றம் ஆகியவற்றை ஒருங்கே கட்டுப்படுத்தும் ஏற்பாடாகும். மையக் கோடு, சுவர், தூண், கதவு-சன்னல், மின்சாரம், குழாய், அளவு, எழுத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு வைத்தால், ஒரே கோப்பிலிருந்து கொத்தனாருக்கு ஒரு தாளும், மின்பணியாளருக்கு ஒரு தாளும், அனுமதிக்கு ஒரு தாளும் எடுக்க முடியும். வரைபடங்களைக் கணினியே விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை நடைமுறையில் உள்ள இடங்களில், அடுக்குகளின் பெயர்கள் அந்த முறை கேட்கும் வடிவிலேயே இருக்க வேண்டும்; பெயர் மாறியிருந்தால் சுவர் இருந்தும் அது சுவராகக் கணக்கில் வராது.

நான்காவது விதி, அளவுக் கோட்டில் தோன்றும் எண்ணைக் கையால் மாற்றி எழுதவே கூடாது என்பது. அறையின் அகலம் 3000 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடத்தில் 2985 என்று காட்டினால் சுவரை நகர்த்த வேண்டும். எண்ணை மட்டும் 3000 என்று திருத்தினால், தாளைப் பார்ப்பவருக்கு ஓர் அளவும் கோப்பிலிருந்து அளந்து எடுப்பவருக்கு வேறோர் அளவும் கிடைக்கும். அடித்தளம் தோண்டுவதற்கு மையக் கோடுகளைத் தரையில் குறிக்கும் நாளன்று இந்த முரண் வெளிப்பட்டு, மூலைவிட்டங்கள் பொருந்தாமல் போகும்.

பணியிடத்துக்கு அனுப்பும் தாள்களில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது மேஸ்திரிக்கும் கம்பி கட்டுபவருக்கும் பேருதவியாகும். இதற்கு ஒருங்குறி எழுத்துரு ஒன்றையே பயன்படுத்த வேண்டும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் எழுதிய குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தோன்றும். எழுத்துகள் பிறழாமல் வருகின்றனவா என்பதை அச்சுத் தாளில் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். புதிய திருத்தம் பணியிடத்துக்குப் போகும் நாளில் பழைய தாளைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.

5.4 கட்டடத் தகவல் மாதிரி

வரைதல் மென்பொருளில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். அவற்றைச் சுவர் என்று அறிபவர் பார்க்கும் மனிதரே. தகவல் மாதிரியில் சுவர் என்பது நீளம், உயரம், தடிமன், பொருள், பூச்சு, எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளம் வரை என்னும் விவரங்களைத் தன்னுள் கொண்ட பொருள். அதில் ஒரு சன்னலைப் பொருத்தினால் தள வரைபடத்திலும், முகப்பிலும், வெட்டுத் தோற்றத்திலும், சன்னல் பட்டியலிலும் அது ஒரே நேரத்தில் தோன்றும்; நீக்கினால் நான்கிலும் மறையும். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்-குழாய்ப் பொறியாளர் ஆகியோரின் மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உத்திரத்தைக் குழாய் துளைக்கும் இடங்களைக் கட்டுவதற்கு முன்பே கண்டறியும் முரண்பாட்டுச் சோதனை இம்முறையின் பெரும்பயனாகும். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு 2015 முதல் தகவல் மாதிரி வடிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதும், பிரிட்டன் அரசு 2016-இல் தன் திட்டங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியதும் இப்பயனைக் கருதியே.

மாதிரியிலிருந்து அளவுப்பட்டியலை எடுக்கும்போது ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. மென்பொருள் தருவது வடிவியல் படியான நிகர அளவு. ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கப்படுவது அளவெடுப்பு விதியின்படியான அளவு. இந்தியாவில் இவ்விதிகளை ஐ.எஸ். 1200 என்னும் தரநிலை வகுத்துள்ளது. அதன்படி சுவர்ப் பூச்சில் 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளுக்குக் கழிவு இல்லை, 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு ஒரு முகத்தின் பரப்பு மட்டுமே கழிக்கப்படும். மென்பொருளோ எல்லாத் திறப்புகளையும் இரு முகங்களிலும் கழித்துவிடுகிறது. மென்பொருள் தந்த எண்ணை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதினால் பணி முடியும் தறுவாயில் தகராறு எழும். எனவே மாதிரியைத் தொடங்கும்போதே எந்த அளவெடுப்பு விதி பொருந்தும் என்பதை எழுதி வைத்து, அதற்கேற்ற திருத்தக் கணக்கைப் பட்டியலோடு இணைக்க வேண்டும்.

5.5 கட்டமைப்புப் பகுப்பாய்வு: மாதிரியும் எடுகோள்களும்

பகுப்பாய்வு மென்பொருள் கட்டடத்தைக் கண்டறியாது. பொறியாளர் அதற்குச் சொல்லும் மாதிரியை மட்டுமே அறியும். தூணின் அடி முற்றிலும் அசையாது பிணைக்கப்பட்டதா, சுழலக்கூடியதா, உத்திரமும் தூணும் சேரும் மூட்டு திருப்பத்தைக் கடத்துமா, கடத்தாதா, சுவரின் எடை எந்த உத்திரத்தின்மேல் இறங்குகிறது என்பவை எல்லாம் பொறியாளரின் எடுகோள்கள். அவை பிழையாக இருந்தால் மென்பொருள் மிகத் துல்லியமான தவறான விடையைத் தரும்.

இந்தியச் சூழலுக்குரிய எடுகோள்கள் தரநிலைகளில் வகுக்கப்பட்டுள்ளன. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456:2000, எஃகுக்கு ஐ.எஸ். 800:2007, சுமைகளுக்கு ஐ.எஸ். 875, நிலநடுக்க விசைகளுக்கு ஐ.எஸ். 1893 ஆகியவை அடிப்படையானவை. இவற்றின் பெயரை மென்பொருளின் பட்டியலில் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனை, அதாவது கவரை, சூழலின் கடுமையைப் பொறுத்தே ஐ.எஸ். 456 வகுக்கிறது: மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர், கடற்கரைச் சூழலுக்கு நேரே ஆளாகும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர். பின்னதற்கான கான்கிரீட்டின் தரமும் எம்30-க்குக் குறையக்கூடாது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ உப்புக்காற்றை எதிர்கொள்ளும் கட்டடத்துக்கு மென்பொருளின் முன்னமைவில் உள்ள கவரை அப்படியே விட்டுவிட்டால், கணக்கு தேறிவிடும். கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதுபோலவே, நிலநடுக்கத்தின்போது கான்கிரீட்டில் விரிசல் விழுந்து அதன் விறைப்பு குறைவதைக் கணக்கில் கொள்ள, பகுப்பாய்வில் தூணின் நிலைமத் திருப்புத்திறனை 70 விழுக்காடாகவும் உத்திரத்தினுடையதை 35 விழுக்காடாகவும் குறைக்குமாறு ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது. பொறியாளர் இம்மதிப்புகளை உள்ளிட்டால்தான் மென்பொருள் அவற்றைக் கருதும்.

எடுகோள் பிழைகளின் விளைவை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கணினிப் பகுப்பாய்வின் துணையோடு வடிவமைக்கப்பட்ட விளையாட்டரங்கின் முப்பரிமாண எஃகுச் சட்டகக் கூரை, 1978 ஜனவரி 18-ஆம் நாள் அதிகாலையில் பனிச்சுமையின் கீழ் இடிந்து விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புவரை அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மேல்வரிசை எஃகு உறுப்புகள் பக்கவாட்டில் வளையாமல் தாங்கப்பட்டிருப்பதாக மாதிரி கருதியது. கட்டப்பட்ட மூட்டுகளோ அத்தகைய தாங்குதலைத் தரவில்லை. கட்டும்போதே கூரையின் தொய்வு கணக்கிட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக அளக்கப்பட்டும், கணக்கின்மீது வைத்த நம்பிக்கையால் அந்த எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை.

இரண்டாவது நிகழ்வு, நார்வேயில் ஸ்டாவங்கர் நகருக்கு அருகில் 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள் மூழ்கிய ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கான்கிரீட் அடிக்கட்டமைப்பு. வரம்புறு உறுப்பு முறை என்பது ஒரு பெரிய உருவைச் சிறு சிறு கண்ணறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தகைவைக் கணக்கிடும் முறை. அம்மேடையின் கணக்கில், சுவர்கள் சந்திக்கும் மூலையில் கண்ணறைகள் போதிய நுட்பமின்றி அமைக்கப்பட்டதால், சுவரை நறுக்க முயலும் விசை 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டது. அங்கே இட்ட கம்பியும் போதவில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்ட மாதிரியைத்தான் தீர்த்தது. மாதிரிக்கும் பொருளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை உரிய நேரத்தில் எவரும் சோதிக்கவில்லை.

5.6 விடையைச் சோதிக்கும் முறை

பகுப்பாய்வு முடிந்தவுடன் கம்பி விவரத்துக்குச் செல்லாமல், கீழ்க்காணும் நான்கு சோதனைகளைத் தாளில் செய்து கோப்போடு வைப்பது கட்டாய நடைமுறையாக வேண்டும்.

முதலாவது, எடைச் சோதனை. 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள ஒரு வீட்டின் ஒரு தளத்தை எடுத்துக்கொண்டால், 125 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடை, கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் வீதம் சதுர மீட்டருக்கு 3.125 கிலோநியூட்டன். தரை ஓட்டுக்கும் பூச்சுக்கும் 1 கிலோநியூட்டன் சேர்த்தால் 4.125. 80 சதுர மீட்டருக்கு இது 330 கிலோநியூட்டன். ஐ.எஸ். 875 குடியிருப்பு அறைகளுக்குக் கூறும் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை 160 கிலோநியூட்டன். 230 மில்லிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் சுவர், கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் வீதம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 13.8 கிலோநியூட்டன், மொத்தச் சுவர் நீளம் 50 மீட்டர் என்றால், திறப்புகளைக் கழிக்காமல் 690 கிலோநியூட்டன். சுவரின் எடை தளத்தின் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருப்பதை இக்கணக்கு காட்டுகிறது. அடித்தளத்தில் மென்பொருள் தரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை, ஒவ்வொரு சுமை வகைக்கும் இந்த எண்களோடு பொருந்த வேண்டும். பெரிதாகக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு சுமை விடுபட்டுள்ளது. பெரும்பாலும் அது சுவரின் சுமையாகவே இருக்கும்.

இரண்டாவது, உத்திரச் சோதனை. வளைவுத் திருப்புத்திறன் என்பது உத்திரத்தை வளைக்க முயலும் விளைவின் அளவு. நீளம் முழுவதும் சீரான சுமையைத் தாங்கும் உத்திரத்தில், இரு முனைகளும் எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தாலும், நடுவில் கீழ்நோக்கித் தொய்யச் செய்யும் திருப்புத்திறனையும் இரு முனைகளிலும் எதிர்ப்புறமாக வளைக்கும் திருப்புத்திறன்களின் சராசரியையும் கூட்டினால், மீட்டருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்த எண் கிடைக்கும். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் தாங்கும் 4 மீட்டர் உத்திரத்துக்கு அந்த எண் 40 கிலோநியூட்டன்-மீட்டர். முனைகள் முழுமையாகப் பிணைக்கப்பட்டிருந்தால் முனையில் 26.7-உம் நடுவில் 13.3-உம் வரும், கூட்டுத்தொகை மாறாது. மென்பொருளின் விடை இதிலிருந்து விலகினால் சுமையோ நீளமோ தவறாக உள்ளிடப்பட்டுள்ளது.

மூன்றாவது, உருமாற்றச் சோதனை. கட்டமைப்பு சுமையின்கீழ் எவ்வாறு வளைகிறது என்பதைத் திரையில் பெரிதாக்கிக் காணும் வசதி எல்லாப் பகுப்பாய்வு மென்பொருள்களிலும் உண்டு. ஓர் உத்திரம் தூணிலிருந்து விலகித் தனியே தொங்குவதும், ஒரு மூலை மட்டும் அளவுக்கு மீறி நகர்வதும், இணைக்க வேண்டிய இரு புள்ளிகள் இணையாமல் விடப்பட்டதன் அறிகுறிகள்.

நான்காவது, கம்பிச் சோதனை. தூணில் கம்பியின் பரப்பு கான்கிரீட் பரப்பில் 0.8 விழுக்காட்டுக்குக் குறையாமலும், ஐ.எஸ். 456 கூறும் 6 விழுக்காட்டு உச்சவரம்பை எட்டாமலும், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் இடங்களைக் கருதி 4 விழுக்காட்டுக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உத்திரங்களும் தூணும் சந்திக்கும் மூட்டில் எல்லாக் கம்பிகளையும் உண்மையான விட்டத்தில் வரைந்து, இடையில் ஜல்லியோடு கான்கிரீட் இறங்க வழி உண்டா என்பதையும் காண வேண்டும். கம்பிப் பட்டியலின் எடையைச் சரிபார்க்க, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் எளிய முறை போதும்: 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோகிராம்.

5.7 நிலம், சாலை, நீர்

நிலப் பணிகளில் டோட்டல் ஸ்டேஷன் கருவியோ செயற்கைக்கோள் நிலையறி கருவியோ தரும் புள்ளிகளை இணைத்து, முக்கோணங்களால் ஆன நிலப்பரப்பை மென்பொருள் உருவாக்குகிறது. அதிலிருந்து சமவுயரக் கோடுகளும், வெட்டி எடுக்கவும் நிரப்பவும் வேண்டிய மண்ணின் அளவும் கிடைக்கின்றன. சிவில் 3டி போன்ற மென்பொருளில் சாலையின் மையக் கோட்டை நகர்த்தினால் நெடுக்குவெட்டும் குறுக்குவெட்டுகளும் மண் கணக்கும் தாமாக மாறும்.

இப்பணிகளில் ஆயத்தொலைவு முறையே முதல் கண்ணி. உலகளாவிய யூடிஎம் முறையில் கிழக்கு 78 பாகை நெடுங்கோடு 43-ஆம், 44-ஆம் மண்டலங்களின் எல்லையாகும்; அது தமிழ்நாட்டின் ஊடே செல்கிறது. கோயம்புத்தூரும் ஈரோடும் 43-ஆம் மண்டலத்திலும், சேலமும் சென்னையும் 44-ஆம் மண்டலத்திலும் உள்ளன. ஈரோட்டிலிருந்து சேலத்துக்குச் செல்லும் ஒரு குழாய்த்தடத்தை இரு குழுக்கள் இரு முனைகளிலிருந்து அளந்தால், பணி முழுமைக்கும் ஒரே மண்டலத்தைப் பின்பற்றுவதாக முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் இரு கோப்புகளும் திரையில் பல நூறு கிலோமீட்டர் விலகி நிற்கும்.

குடிநீர்க் குழாய்களில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணக்கிட, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக வழங்கும் எபாநெட் போதுமானது. இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 37 விதியின்படி தார்ச்சாலையின் அடுக்குகளை வடிவமைக்க ஐஐடிபேவ் என்னும் நிரல் பயன்படுகிறது.

5.8 கோப்பு வடிவங்களும் உரிமங்களும்

கட்டடத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு என்றால், அதன் வரைபடமும் அத்தனை ஆண்டு திறக்கத் தக்கதாக இருக்க வேண்டும். டிடபிள்யூஜி என்பது ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வடிவம். டிஎக்ஸ்எஃப் என்பது பிற மென்பொருள்களோடு பரிமாறிக்கொள்வதற்காக வெளியிடப்பட்ட வடிவம். தகவல் மாதிரிகளுக்கு ஐஎஃப்சி என்னும் திறந்த வடிவம் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் உலகத் தரநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. பணி முடிந்ததும் மூலக் கோப்பு, டிஎக்ஸ்எஃப் அல்லது ஐஎஃப்சி படி, பிடிஎஃப் தாள்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேமித்து உரிமையாளரிடம் ஒப்படைப்பது பொறியாளரின் கடமையாகும்.

ஆட்டோடெஸ்க் 2016 முதல் ஆட்டோகேட்டின் நிரந்தர உரிமத்தைப் புதிதாக விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியதால், சிறு அலுவலகங்களுக்கு மென்பொருள் ஆண்டுதோறும் வரும் செலவாகியுள்ளது. மாணவர்களுக்கு வழங்கப்படும் இலவசக் கல்வி உரிமத்தைக் கட்டணப் பணிக்குப் பயன்படுத்துவது உரிம விதிக்கு மாறானது. உடைக்கப்பட்ட படிகளைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறானதோடு, கணினியில் உள்ள எல்லாப் பணிகளையும் தீநிரல்களுக்குத் திறந்துவிடுவதாகும். செலவைத் தாங்க இயலாத அலுவலகங்களுக்கு நேர்மையான வழிகள் உள்ளன. இருபரிமாண வரைதலுக்கு லிப்ரேகேட்டும், தகவல் மாதிரிக்குரிய பணிமேடையைத் தன்னுள் இணைத்துக்கொண்டு 2024-இல் வெளிவந்த ஃப்ரீகேட் 1.0-உம், எஃகு இணைப்புகளையும் உறுப்புகளையும் ஐ.எஸ். 800:2007-இன்படி வடிவமைப்பதற்கு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய ஆஸ்டாக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

5.9 கற்கும் வரிசை

ஒரே நேரத்தில் ஐந்து மென்பொருள்களின் சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட, ஒரு சிறிய வீட்டை முதலிலிருந்து முடிவுவரை கொண்டு செல்வதே சிறந்த பயிற்சியாகும். கட்டி முடிந்த வீடு ஒன்றை நாடாவால் அளந்து தாளில் கையால் வரைந்து, பின் அதை வரைதல் மென்பொருளில் அமைத்து, அடுத்து அதன் உத்திரங்களையும் தூண்களையும் பகுப்பாய்வு மென்பொருளில் கணக்கிட்டு, இறுதியாகத் தகவல் மாதிரியில் உருவாக்கி அளவுப்பட்டியலை எடுத்துக் கைக்கணக்கோடு ஒப்பிட வேண்டும். இந்த வரிசையில் கற்பவருக்குக் கட்டளைகள் தாமாகப் படியும். ஒவ்வொரு கோட்டுக்கும் எண்ணுக்கும் பின்னால் உள்ள பொருளும் விளங்கும். மென்பொருளின் பதிப்புகள் ஆண்டுதோறும் மாறினாலும் அந்த விளக்கம் மாறுவதில்லை.

வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரே அதன் ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பாளி. மென்பொருள் அப்படிச் சொன்னது என்னும் விளக்கம், இடிந்த கட்டடத்தின் முன் எவரையும் காப்பாற்றாது. ஆகவே, அலுவலகத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கட்டமைப்பு வரைபடத்தோடும், எடுகோள்களும் மேற்கூறிய நான்கு சோதனைகளும் கையால் எழுதப்பட்ட ஒரு தாளை இணைத்து வைக்கும் வழக்கத்தை வாசகர்கள் தங்கள் அடுத்த பணியிலிருந்தே தொடங்க வேண்டும்.